மாமா சொன்ன இடம்

என்னிடம் ஓர் ஒலிப்பதிவு இருக்கிறது. 11 நிமிடம் 20 விநாடி ஓடும். வானொலியில் அறிவிப்பாளராகச் சேர்ந்த ஆண்டில் நானே பதிவு செய்தது. இதுவரை அதில் ஒரு விநாடியைக்கூட ஒலிபரப்பியதில்லை. இதற்குள் மூன்று மடிக்கணினி மாற்றிவிட்டேன். ஒவ்வொரு முறையும் கல்யாணப் படங்கள், வருமான வரிக் கணக்கு, பழைய பாடல்கள் ஆகியவற்றோடு இதையும் புதுக் கணினிக்கு ஏற்றிக்கொள்வேன். திறந்து மட்டும் கேட்க மாட்டேன். கோப்பின் பெயர் 'கேரி 3'.

தெலுக் பங்லிமா காராங்கில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கேரித் தீவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். தீவு என்றதும் படகு, அலை, வெண்மணல் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் ஊரைத் தாண்டியதும் லங்காட் ஆற்றின் மேல் ஒரு பாலம் வரும். அதைக் கடந்தால் தீவு. அவ்வளவுதான். கோலாலம்பூரிலிருந்து கிளம்பினால் நெரிசல் இல்லாத நாளில் ஒரு மணி நேரம். நண்டும் இறாலும் சாப்பிட ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டணத்துக் கார்கள் வரிசையாக வரும். சாப்பிட்டுவிட்டு வந்த வழியே திரும்பிவிடுவார்கள். சாலையின் இரு பக்கமும் நிரை நிரையாக நிற்கும் செம்பனைக்குள் அவர்களுக்கு என்ன வேலை?

உள்ளே போனால்தான் அது எவ்வளவு பெரிய தீவு என்று தெரியும். ஏறக்குறைய 32,000 ஏக்கர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்வர்டு வேலன்டைன் கேரி என்ற வெள்ளைக்காரத் துரை இங்கே ரப்பர் தோட்டம் போட்டார். தீவுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அவருக்கு முன்பிருந்தே வாழும் மா மெரி பூர்வகுடி மக்கள் இன்றும் சுங்கை பும்புன் போன்ற கம்பங்களில் இருக்கிறார்கள். சதுப்பு மரத்தில் அவர்கள் செதுக்கும் முகமூடிகளைப் பார்த்திருப்பீர்கள். தீவின் பெரும்பகுதி தாழ்வான நிலம். கடல் ஏற்றத்தில் உப்புத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்கச் சுற்றிலும் மண்கரை எழுப்பி, ஆங்காங்கே மதகு வைத்திருக்கிறார்கள். கரைக்கு இந்தப் பக்கம் செம்பனை, அந்தப் பக்கம் சதுப்புக்காடு. என் தாத்தா அந்த மண்ணில்தான் பால்மரம் சீவினார். அம்மாவும் அவருடைய தம்பியான என் மாமாவும் அங்கே ஒரு லயத்து வீட்டில்தான் பிறந்தார்கள்.

மாமா பிறகு ஊருக்குள் வந்து தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஆனாலும் மனம் முழுக்கத் தோட்டத்தில்தான். ஊருக்கு வெளியே மூன்று ஏக்கர் நிலம் வாங்கிச் செம்பனை போட்டார். கன்று நட்ட முதல் வருடமே காட்டுப்பன்றிகள் வந்து பாதிக் கன்றுகளின் குருத்தைத் தோண்டித் தின்றுவிட்டன. அதற்குப் பிறகுதான் அவர் துப்பாக்கி உரிமத்துக்கு மனுப் போட்டார்.

நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பது என்ன பாடு என்பது வைத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும். 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஒரு பக்கம். காட்டுப்பன்றியாகவே இருந்தாலும் அதைச் சுடுவதற்கு 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பெர்ஹிலித்தான் உரிமம் இன்னொரு பக்கம். அடுத்தவர் தோட்டத்தில் சுட நிர்வாகத்தின் அனுமதி வேறு. மாமா இவை எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறை போட்டு ஒரு கோப்பில் வைத்திருப்பார். தோட்டாக்களை எண்ணி எண்ணி ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுவார். எத்தனை வாங்கினார், எத்தனை சுட்டார், எத்தனை மிச்சம். அவரை மாதிரி கணக்கு வைத்திருந்த ஆளை நான் வங்கியில்கூடப் பார்த்ததில்லை.

அந்தக் காலத்தில் மாமா வீட்டுப் பின்வாசலில் விறகடுப்பு எரிந்தால் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிடும். பன்றிக்கறியைச் சாமி அறை இருக்கும் வீட்டுக்குள் அத்தை சேர்க்க மாட்டார். வெளியே அடுப்பு, வெளியே சட்டி, வெளியே பாய். மிளகும் கறிவேப்பிலையும் தூக்கலாகப் போட்டு அவர் வறுக்கிற வாசத்துக்குத் தொழிற்சாலை ஷிப்ட் முடிந்து போகிறவர்கள் வண்டியை நிறுத்திவிடுவார்கள். அம்மாவும் தம்பி வீட்டில் அதிகம் சிரித்த நாட்கள் அவைதான்.

மாமா வேட்டைக்குப் போகும்போது சொல்லும் விதி ஒன்று உண்டு. "காதால சுடக்கூடாது. கண்ணால சுடணும்." தசரதன் கதையைச் சின்ன வயதில் கோயில் சொற்பொழிவில் கேட்டிருக்கிறார். குடத்தில் தண்ணீர் நிரம்பும் சத்தத்தை யானை நீர் குடிக்கும் சத்தம் என்று நினைத்து, பார்க்காமலேயே அம்பு விட்ட ராஜா. கண் தெரியாத தாய் தகப்பனுக்குத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த பிள்ளை செத்துப்போனான். "அவ்ளோ பெரிய ராஜாவுக்கே அந்தக் கதி. நமக்கு என்ன?" என்பார். அதனால்தான் உடன் வருகிற ஒவ்வொருவரும் எங்கே உட்கார வேண்டும் என்பதை அவரே காட்டுவார். உட்கார்ந்தால் அவர் வந்து கூப்பிடும் வரை எழுந்திருக்கக் கூடாது. ஒன்றுக்கு வந்தாலும்.

2013 செப்டம்பர் 15. மறுநாள் மலேசிய தினம், விடுமுறை. நான் வானொலியில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. தகுதிகாண் காலம். ஊடகத் துறைப் பட்டம் வாங்கிய கர்வம் தலையில் இருந்தது. தோட்டத்து விடியலைச் சத்தங்களாலேயே சொல்லும் ஒரு பத்து நிமிட நிகழ்ச்சி செய்யப்போவதாக என் தயாரிப்பாளரிடம் பெருமையடித்திருந்தேன். முதல் சம்பளத்தில் கையடக்க ஒலிப்பதிவுக் கருவி ஒன்றும் வாங்கியிருந்தேன். காற்றுச் சத்தம் விழாமல் இருக்க அதன் தலையில் சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சு உறை. மாமா பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, எலிக்குட்டியெல்லாம் கொண்டாந்திருக்க?" என்றார்.

நாங்கள் நான்கு பேர். மாமா, லாரி ஓட்டி ஓய்வு பெற்ற அவர் நண்பர், சுங்கை பும்புனைச் சேர்ந்த ஒரு மா மெரி பெரியவர், நான். துப்பாக்கி இரண்டு. முதலில் தோட்டத்து முனியாண்டி கோயிலில் வண்டியை நிறுத்தி, மாமா சுருட்டுக் கொளுத்தி வைத்தார். கொசு கடித்தாலும் மருந்து பூசக் கூடாது என்றார்கள். பன்றிக்குக் கண் மந்தம், மூக்கும் காதும்தான் கூர்மை. இரவெல்லாம் செம்பனைக்குள் உதிரிப்பழம் தின்றுவிட்டு, வெளுக்கும் நேரத்தில் கரையைத் தாண்டிச் சதுப்புக்காட்டுக்குள் படுக்கப் போகும். அந்தத் தடத்தில்தான் காத்திருக்க வேண்டும்.

மாமா ஒரு பிளாஸ்டிக் முக்காலியைக் கொண்டுவந்து ஒரு மரத்துக்குப் பின்னால் போட்டார். "இதான் ஒன் எடம். நான் அந்தக் கரை ஓரம். அண்ணன் அந்தக் கோடி. நான் வந்து தோளத் தொடற வரைக்கும் நீ மரம். சரியா?"

"சரி மாமா" என்றேன். அது பதிவில் இருக்கிறது.

முதல் சில நிமிடம் நான் மரமாகத்தான் இருந்தேன். கறுப்பு மழைச்சட்டை போட்டிருந்தேன். கொசு, காதுக்குள் ஓர் ஊரே குடியிருப்பது போல. மெல்ல மெல்ல வெளுத்தது. மூடுபனி. அப்போது வலப்பக்கம், மதகு இருக்கும் திசையில் ஒரு சத்தம். தண்ணீர் மரப்பலகை இடுக்கில் கசிந்து சேற்றில் விழுகிற சத்தம். அதோடு 'டக், டக்' என்று யாரோ விரலைச் சொடுக்குவது போல இன்னொன்று. அது சொடுக்கு இறால் என்று இப்போது தெரியும். சதுப்புநிலச் சேற்றில் கொடுக்கை வெட்டி அந்தச் சத்தம் எழுப்பும். அன்று தெரியாது. தெரிந்ததெல்லாம், இந்தச் சத்தம் என் நிகழ்ச்சிக்கு வேண்டும் என்பது மட்டும்தான். காதில் ஒலிவாங்கிக் கம்பி. கையில் எலிக்குட்டி. எழுந்தேன்.

பதிவைக் கேட்டால் என் காலடிகளை எண்ணலாம். காய்ந்த மட்டை மீது பட்டதும் மண்ணில் பட்டதுமாக 42. நிதானமாக, சத்தம் வராமல் வைத்த அடிகள். ஒவ்வொன்றும் வைக்கக் கூடாத அடி என்று தெரிந்தவன் வைக்கிற மாதிரி.

மதகு ஓரம் குனிந்து, கருவியைத் தண்ணீர் அருகே நீட்டி, முதுகை வளைத்து உட்கார்ந்துகொண்டேன். முந்தைய நாள்தான் மாமா அதே இடத்தில் பன்றித் தடம் பார்த்துவிட்டு வந்திருந்தார். அது எனக்குத் தெரியாது. பனிக்குள், அரை வெளிச்சத்தில், மனிதர் யாரும் இருக்கவே கூடாத இடத்தில், கறுப்பாக ஒரு முதுகு. மானைப் போல, பூனையைப் போலப் பன்றியின் கண் வெளிச்சத்தில் பளபளக்காது. அதனால் வேட்டைக்காரர்கள் உருவத்தைத்தான் பார்ப்பார்கள். மாமா உருவத்தைப் பார்த்தார்.

கடைசிக் காலடிக்கும் வெடிச் சத்தத்துக்கும் இடையில் 1 நிமிடம் 50 விநாடி. தண்ணீர் சொட்டுகிறது. இறால் சொடுக்குகிறது. தூரத்தில் ஒரு பறவை. ஒலிப்பதிவாக எடுத்துக்கொண்டால் மிக அருமையானது, தொழில்காரனாகச் சொல்கிறேன். அந்த 1 நிமிடம் 50 விநாடியும் மாமாவின் பன்னிரண்டு போர் துப்பாக்கி என் மேல்தான் இருந்தது. தலை தெரியட்டும் என்று காத்திருந்திருக்கிறார்.

ஒலி அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான் கருவியைத் திருப்பினேன். உருவம் அசைந்தது, தலை திரும்புகிறது என்று மாமா விசையில் விரலை அழுத்திவிட்டார். அதே நொடியில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்திருக்கிறது. பதிவாகிக்கொண்டிருக்கிறது என்பதற்கான விளக்கு. பன்றிக்கு ஏது சிவப்பு விளக்கு? குழலைத் தூக்கி எறிவது போல மேலே தள்ளியிருக்கிறார். சன்னங்கள் என் தலைக்கு மேலே மட்டைகளைக் கிழித்துக்கொண்டு போயின.

பதிவில் அந்த வெடி அவ்வளவு பெரிதாகக் கேட்காது. கருவியால் அதைத் தாங்க முடியவில்லை. 'டப்' என்று ஒரு தட்டல், பிறகு அரை விநாடி ஒன்றுமே இல்லை. பிறகு இலைகள் உதிரும் சத்தம். நான் பின்பக்கமாகக் கால்வாய்க்குள் விழும் சத்தம். "மாப்ள! மாப்ள! மாப்ள!" அதற்குப் பின் இரண்டு நிமிடத்துக்கு மேல் மாமா அழுவது கேட்கும். 56 வயது மனிதர், கரையில் மண்டியிட்டு, "ஐயோ முனியாண்டி, ஐயோ அக்கா" என்று. அதனால்தான் கோப்பைத் திறப்பதில்லை. வெடிக்காக இல்லை.

ஒரு சன்னம்கூட என் மேல் படவில்லை. விழுந்ததில் வலது கணுக்கால் முறிந்துவிட்டது. மா மெரி பெரியவர் ஓடிப்போய்ப் பழக்குலை தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் என்னை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் நான் கத்த, லாரி அண்ணன், "குலை கனமா இருக்கு, கொஞ்சம் பொறு" என்று சிரிக்க வைக்கப் பார்த்தார். மாமா சிரிக்கவில்லை. துப்பாக்கியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, வண்டிக்குப் பின்னால், சவ ஊர்வலத்தில் நடப்பவர் போல வந்தார்.

மருத்துவமனை நடைபாதையில் அம்மா வந்து சேர்ந்தபோது லாரி அண்ணன் ஏற்கெனவே பாதியைச் சொல்லிவிட்டிருந்தார். அம்மா என்னைப் பார்த்துக் கேட்டது ஒரே கேள்வி.

"நீ எங்கடா இருந்த?"

"மாமா சொன்ன எடத்துலதான்."

இவ்வளவுதான் நான் செய்தது. நாள்தோறும் நான்கு மணி நேரம் ஒலிவாங்கிக்கு முன்னால் பேசுகிறவன். அன்று அந்த மூன்று சொல்லைத் தாண்டி ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசியிருந்தால் போதும். வலி, ஊசி, பயம் என்று காரணம் சொல்லலாம். உண்மை அது இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் எட்டு வயதுப் பையனாகிவிட்டேன்.

அம்மா திரும்பி மாமாவைப் பார்த்தார். "எனக்கு இருக்கறது ஒரே புள்ள. அதையும் சுடப் பாத்தியே" என்றார். மாமா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் எங்கே இருந்தேன் என்று அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தன் கண்தான் இடத்தைத் தப்பாகக் காட்டிவிட்டது, பனியில் திசை குழம்பிவிட்டது என்று அவர் நம்பிவிட்டார் என்றே நினைத்தேன். நினைத்தேன் என்பதைவிட, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த மாதமே மாமா துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார். நோட்டுப் புத்தகத்தில் கடைசி வரி: மிச்சம் 0. அந்தத் தீபாவளிக்கு அம்மா தம்பி வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த தீபாவளிக்கும் போகவில்லை. பின்வாசல் அடுப்பு எரியவில்லை. காவல் இல்லாத மூன்று ஏக்கரிலும் பன்றிகள் நினைத்தபோது வந்து போயின. மறுநடவுக் கன்றுகள் இரண்டு முறை அழிந்தன. 2017இல் நிலத்தை ஒருவருக்கு விற்றுவிட்டார். என்ன விலை என்று நான் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

இடையில் 2016இல் என் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் எந்தச் சடங்கு நடக்கும்? அம்மா போய்த்தான் ஆக வேண்டியிருந்தது. வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார். மாமா வந்தார், சீர் செய்தார், மாலை போட்டார். அக்காவும் தம்பியும் ஒரே மணவறையில் நின்றுகொண்டு, "தேங்கா எங்க?", "அந்தத் தட்டுல" என்ற அளவில் பேசிக்கொண்டார்கள். வீடியோவில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும்.

நானோ அந்த விபத்துக்கு அடுத்த வாரமே ஊன்றுகோலோடு நிலையத்துக்குப் போய், "கேரித் தீவில் பன்றியைத் தேடிப் போய் நான் வழுக்கி விழுந்துட்டேன் நேயர்களே" என்று வேடிக்கையாகச் சொன்னேன். வாழ்த்துச் செய்திகள் குவிந்தன. என் குரல் முதன்முதலாக நேயர்கள் மனதில் பதிந்தது அன்றைக்குத்தான் என்று தயாரிப்பாளர் பிறகு சொன்னார்.

கல்லூரியில் எங்களுக்கு ஒரு பாடம் இருந்தது, நெருக்கடி நேரத்தில் செய்தியை எப்படிக் கையாள்வது என்று. அதில் அமெரிக்கத் துணை அதிபராக இருந்த டிக் சேனியின் விவகாரத்தை விரிவுரையாளர் விரிவாக நடத்தினார். 2006 பிப்ரவரி 11, டெக்சஸில் ஒரு பண்ணையில் காடை வேட்டை. சேனி சுட்டதில் ஹேரி விட்டிங்டன் என்ற 78 வயது வழக்கறிஞரின் முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் சன்னங்கள் பாய்ந்தன. செய்தி மறுநாள்தான் ஓர் உள்ளூர்ப் பத்திரிகை வழியாக வெளியே வந்தது. ஏன் தாமதம், வெள்ளை மாளிகை ஏன் உடனே சொல்லவில்லை என்றெல்லாம் வகுப்பில் நாங்கள் கூச்சலிட்டு விவாதித்தோம். விழுந்த பறவையை எடுக்கப் போனவர் திரும்பி வந்ததை மற்றவர்களுக்குக் குரல் கொடுத்துச் சொல்லவில்லை என்று முதலில் விட்டிங்டன் மேலேயே பழி போடப் பார்த்தார்கள். நான்கு நாள் கழித்துச் சேனி தொலைக்காட்சியில் தோன்றி, விசையை அழுத்தியது தான்தான், பழியை நண்பர்மேல் போட முடியாது என்று ஒப்புக்கொண்டார்.

தேர்வுக்கு இதை எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். எழுதாமல் விட்ட ஒன்று உண்டு. மருத்துவமனையை விட்டு வெளியே வந்த விட்டிங்டன், அந்த வாரம் சேனியும் அவர் குடும்பமும் பட்ட பாட்டுக்காக வருந்துவதாகச் சொன்னார். இருதயம் வரை சன்னம் போன மனிதர். வகுப்பில் எல்லோரும் அதைக் கேட்டுச் சிரித்தோம், அரசியல் பயம் என்று. 2023இல் அவர் 95 வயதில் இறந்த செய்தி எங்கள் செய்தி அறைக்கு வந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சென்ற மாதம் மாமாவுக்குக் கண்புரை அறுவை. அத்தைக்கு முழங்கால் வலி என்பதால், கிள்ளானுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவரும் பொறுப்பு எனக்கு. ஒரு கண்ணில் மூடி போட்டு அனுப்பினார்கள். சில நாளைக்குத் தொலைக்காட்சி கூடாது, பத்திரிகை கூடாது. திரும்பும் வழியில் லிட்டில் இந்தியா பக்கம் நெரிசலில் மாட்டிக்கொண்டோம். மாமா சும்மா இருக்க முடியாமல், "ரேடியோவாவது போடு மாப்ள" என்றார். போட்டேன். கொஞ்சம் கேட்டார். பிறகு திடீரென்று, "அப்ப ஒரு எலிக்குட்டி வெச்சிருந்தியே, அதுல புடிச்ச சத்தமெல்லாம் என்னாச்சு?" என்றார்.

12 வருடத்தில் அந்த நாளைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

வண்டியை ஓர் ஓரத்தில் நிறுத்தினேன். மடிக்கணினி பின் இருக்கையில் இருந்தது. "மாமா, கடைசி வரைக்கும் கேக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் தலையணிக் கருவியை அவருக்கு மாட்டினேன். நானும் கேட்க வேண்டும் என்று பிறகு தோன்ற, கழற்றிவிட்டு வெளியே சத்தமாக வைத்தேன். 'சரி மாமா' என்ற என் குரல் வந்தது. 24 வயதுக் குரல், கேட்கவே கூச்சமாக இருந்தது. பிறகு கொசு. பிறகு நான் எழுந்திருக்கும் சத்தம். முதல் மட்டை.

மாமா மூடியில்லாத கண்ணையும் மூடிக்கொண்டார். அவர் விரல் முழங்காலில் தட்டித் தட்டி எண்ணுவதைப் பார்த்தேன். காலடி நின்றதும் நான் நிறுத்திவிட்டேன்.

"நாப்பது இருக்குமா?"

"நாப்பத்தி ரெண்டு, மாமா."

"ம். அவ்ளோ தூரந்தான் இருக்கும்."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். விபத்துக்கு இரண்டு நாள் கழித்து முக்காலியை எடுத்துவர அந்த இடத்துக்குத் தனியாகப் போயிருக்கிறார். முக்காலி அவர் போட்ட மரத்துக்குப் பின்னால் போட்ட மாதிரியே இருந்திருக்கிறது. மதகு ஓரம் சேற்றில் என் எலிக்குட்டி உறை. இரண்டுக்கும் நடுவில் என் சப்பாத்துத் தடம், வரிசையாக.

"அப்பவே தெரியுமா மாமா?"

"தெரியாம? தடம் பாக்கறதுதான நம்ம வேல."

"அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

அவர் கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். பூக்கடையில் ஒரு பெண் மாலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். "சொன்னா அக்கா ஒன்னையத் திட்டும். திட்டட்டும். அதுக்காக நான் சுடலன்னு ஆயிருமா? தலையப் பாக்காமத்தான விரல அழுத்துனேன். அந்த செகப்பு லைட்டு இல்லன்னா?" என்று நிறுத்தினார். "நீ நவுந்தது வேற கணக்கு மாப்ள. அத நான் எழுத முடியாது."

நான் அழுதேன். அதை இங்கே விவரித்து எழுத வேண்டாம். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

வீட்டு வாசலில் இறங்கும்போது மாமா சன்னல் வழியாகக் குனிந்தார். "நிறுத்துனதுக்கு முன்னாடி ஒரு குருவி கத்துச்சே, அது என்னான்னு கேட்டு வை. நம்ம தோட்டத்துலயும் அது வரும். பேரு மறந்துபோச்சு." பிறகு, "அக்காகிட்ட நீயே சொல்லிரு. என்னைய இழுக்காத" என்றார்.

மூன்று வாரமாக அம்மாவிடம் சொல்ல முயன்றேன். இரண்டு முறை ப்ரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிளம்பி தெலுக் பங்லிமா காராங் வரை போய், பசியாறிவிட்டு, மழையைப் பற்றியும் பிள்ளையின் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் பேசிவிட்டு வந்துவிட்டேன். பேசியே பிழைக்கிறவனுக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அம்மா ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் புரட்டுவார். முதலில் மரண அறிவிப்புகள், பிறகு ராசிபலன், பிறகு காப்பி, அப்புறம்தான் இந்த இணைப்பை எடுப்பார். எப்படியும் ஒன்பதரை ஆகும். ஒன்பது மணிக்கெல்லாம் நான் வாசலில் இருப்பேன். மாமாவையும் வரச் சொல்லியிருக்கிறேன், காரணம் சொல்லாமல்.